கூரையிலிருந்து சோப்பு

"அடுத்த வாரம் எங்க வீட்ல வெச்சுக்கலாமே," என்றாள் மேஸ்திரி.

சமையலறையில் டீ வடிகட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்று காதோடு காதாகச் சொன்னாள். மேஸ்திரி இப்படி ரகசியம் பேசி நான் கேட்டதே இல்லை. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் எங்களையெல்லாம் மேய்த்தவள் அவள். துவைக்கும் இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தியே தொண்டையை வளர்த்தவள். ஓய்வு பெற்ற பிறகும் அது குறையவில்லை. என் வீட்டில் நின்று உப்பு கேட்டால் பக்கத்து வீட்டில் எடுத்து நீட்டுவார்கள்.

"ஏன், இங்க என்ன குறைச்சல்?"

"குறைச்சல்னு சொன்னேனா? உங்கக்காவுக்குத் தொந்தரவா இருக்கும்ல, நாங்க பாட்டுக்குக் கத்திக்கிட்டு."

"நீங்க எங்க கத்துறீங்க? இப்பல்லாம் வார்டுல நோயாளியப் பார்க்க வந்தவங்க மாதிரி உட்கார்ந்திருக்கீங்க."

"அதான் சொல்றேன்," என்றாள். டீ ஆறிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் எங்களுடையது. வேலையில் இருந்த காலத்திலிருந்தே அப்படித்தான். மேஸ்திரி வருவாள். கிழிந்த விரிப்புகளைத் தைத்துக்கொண்டிருந்த பொத்தான் வருவாள். ஆள் சின்னது, வாய் பெரிது. தேய்த்துத் தேய்த்து வலது தோள் மட்டும் பயில்வான் தோள் மாதிரி ஆகிவிட்ட இஸ்திரி வருவாள். நான் மடிப்பு. சலவைக்கூடத்தில் பெற்றவர்கள் வைத்த பெயருக்கு வேலை கிடையாது, சம்பளம் வாங்கும் நாளில் மட்டும்தான் அது ஞாபகத்துக்கு வரும்.

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார், மகன் வேறு ஊரில். வீட்டில் இடம் நிறைய. அதனால் கூட்டம் இங்கேதான். அந்த வாரத்துத் துணியைக் கொடியிலிருந்து எடுத்துக் கட்டிலில் குவித்து வைத்திருப்பேன். வந்ததும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொள்வார்கள். இழு, உதறு, வா, கொடு. போர்வை பாதியாகும், பாதி காலாகும், அதற்குள் ஊர்க்கதை எல்லாம் வந்துவிடும். கை சும்மா இருந்தால் எங்களுக்குப் பேச்சு வராது.

சில மாதங்களுக்கு முன் அக்காவை இங்கே அழைத்து வந்தேன். அவளுக்குப் பிள்ளை குட்டி இல்லை. அவள் வீட்டுக்காரர் போன பிறகு தனியாகத்தான் இருந்தாள். ஒரு நாள் காலையில் வலது பக்கம் வராமல் போயிற்று. கூடவே பேச்சும். டாக்டர், "அவங்களுக்கு எல்லாம் புரியும், சொல்லத்தான் வராது," என்றார். அத்தனை வார்த்தைகளும் போய், எப்படியோ ஒன்றே ஒன்று மிஞ்சியது. "சரிதான்." பசித்தாலும் சரிதான். மழை பெய்தாலும் சரிதான். என் மேல் கோபம் வந்தாலும் சரிதான்.

டீயை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். அக்கா ஜன்னலோரம் அவளுடைய நாற்காலியில் இருந்தாள். இஸ்திரி கையை நீட்டினால் தொட்டுவிடும் தூரம்.

"அவங்களுக்குச் சர்க்கரை போடலாமா?" என்று இஸ்திரி என்னைக் கேட்டாள்.

"போடலாம்," என்றேன்.

அக்கா இடது கையால் டம்ளரை வாங்கிக்கொண்டு, "சரிதான்," என்றாள்.

"ஆமாங்க, ஆமாங்க," என்றாள் மேஸ்திரி, செவிடரிடம் பேசுவது போல. அக்காவுக்குப் பாம்புக் காது. சமையலறையில் மேஸ்திரி ரகசியம் என்று நினைத்துச் சொன்னது முழுவதும் அவளுக்குக் கேட்டிருக்கும்.

அக்காவைத் தனியாக விட்டுவிட்டு நான் தெருமுனைக் கடைக்குக்கூட ஓட்டமும் நடையுமாகத்தான் போய்வருகிறேன். கூட்டம் மேஸ்திரி வீட்டுக்குப் போனால் எனக்கு அந்தக் கூட்டம் இல்லை. அது என் நஷ்டம். அக்காவுக்கோ, என் குரலைத் தவிர இந்த வீட்டில் வேறு மனிதக் குரலே இல்லாமல் போகும். ஒரு காலத்தில் அவள் இருக்கும் இடத்தில் மற்றவர்களுக்குப் பேச இடம் கிடைக்காது. இவர்களுக்கு அது எப்படித் தெரியும்? இவர்கள் பார்த்ததெல்லாம் ஜன்னலோரத்து நாற்காலியை.

"அடுத்த வாரம் ஒரு தடவை இங்கயே வாங்க," என்றேன். "சந்தை போட்டுக் காட்டறேன்."

பொத்தான் நிமிர்ந்தாள். "நிஜமாவா? சாயங்காலச் சந்தையா?"

'சாயங்காலச் சந்தை' என்பது நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது ரேடியோவில் வந்த நிகழ்ச்சி. பாட்டு இருக்கும், குட்டி நாடகம் இருக்கும், நேயர் கேள்வி இருக்கும், எல்லாவற்றையும் நடுநடுவே ஒருவர் கிண்டல் செய்துகொண்டே இருப்பார். நான் வளர்ந்த வீட்டில் அந்த நேரத்தில் யாராவது செத்துப்போனால்கூட நிகழ்ச்சி முடியும் வரை காத்திருக்க வேண்டியதுதான். என் தோழிகள் வேறு வேறு ஊர்க்காரர்கள், அவர்கள் அதைக் கேட்டதில்லை. சலவைக்கூடத்தில் எதிரும் புதிருமாக நின்று விரிப்பு மடிக்கும்போது நான் சொல்லித்தான் தெரியும். "மடிப்பு, அந்த வீட்டுக்காரன் கதையச் சொல்லு," என்று பொத்தான் ஆரம்பிப்பாள். கூரை ஒழுகுகிறது என்று குடித்தனக்காரன் வந்து அழுவான். தண்ணீர் வரி வாங்குகிறேன் இல்லையா, தண்ணீர் குழாயில் வந்தால் என்ன, கூரையில் வந்தால் என்ன என்று வீட்டுக்காரன் கேட்பான். உடனே குடித்தனக்காரன் பெண்டாட்டி, "அப்ப சோப்பையும் கூரையிலேர்ந்தே போடச் சொல்லுங்க," என்பாள். ஸ்டோரிலிருந்து சோப்புத்தூள் வரத் தாமதமானால் எங்கள் கூடம் மொத்தமும் அண்ணாந்து கூரையைப் பார்க்கும். மேஸ்திரியே பார்த்திருக்கிறாள்.

அப்பா பதிவு செய்த கேசட்டுகள் பரணில் இருந்தன. ஆனால் டேப் ரெக்கார்டர் ஓடாமல் போய் வருஷக்கணக்காயிற்று என்பது வாயை விட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது. அதையும் சொன்னேன். நானே அவற்றைக் கேட்டுப் பல காலம்.

"எங்க மருமக சொன்னா," என்றாள் பொத்தான். "பழைய நிகழ்ச்சியெல்லாம் ரேடியோக்காரங்களே இன்டர்நெட்ல ஏத்தி வெச்சிருக்காங்களாம். போன்ல இறக்கித் தரச் சொல்றேன்."

"சரி, ஒரு வாரம்," என்றாள் மேஸ்திரி.

அந்த வாரம் முழுவதும் எனக்குப் பெண் பார்க்க வருகிற வீடு மாதிரி இருந்தது. கூடத்தைத் துடைத்தேன். பிஸ்கட் வாங்கினேன். எதை முதலில் போடுவது, எதைக் கடைசியில் போடுவது என்று மனதுக்குள் மாற்றி மாற்றி அடுக்கினேன். அவர்கள் சிரித்துவிட்டால் போதும். இந்த வீடு பழையபடி ஆகிவிடும் என்று ஒரு கணக்கு.

பொத்தான் கைக்கு அடக்கமான ஸ்பீக்கர் ஒன்றும் கொண்டுவந்தாள். மணியோசை, கூட்டத்தின் சலசலப்பு, அதன் நடுவே அந்தக் குரல்: "வாங்க, வாங்க, கடை திறந்தாச்சு." எனக்கு உடம்பு சிலிர்த்தது.

"எவ்வளவு சுத்தமா இருக்கு," என்றாள் இஸ்திரி. "நேத்து வெளுத்த மாதிரி."

வீட்டுக்காரன் வந்தான், குடித்தனக்காரன் வந்தான், கூரை ஒழுகியது. நான் போர்வையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டே சிரிக்க ஆரம்பித்துவிட்டேன். மற்ற மூன்று பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தண்ணி குழாயில வந்தா என்ன, கூரையில வந்தா என்ன?" என்றான் வீட்டுக்காரன். பிறகு டொய்ங் என்று ஒரு வாத்தியம். பிறகு ஒரு பாட்டு.

"எங்க?" என்றாள் பொத்தான்.

"எது?"

"சோப்பு. அவன் பொண்டாட்டி சொல்லுவாளே."

"வரணுமே. வெட்டிட்டாங்க போல."

"வெட்டினா தையல் தெரியும்டி. எனக்குத் தெரியாத வெட்டா? பேச்சு முடியுது, வாத்தியம் வருது. நடுவுல இடமே விட்டிருக்காங்க."

"பொண்டாட்டியே வரலையே அதுல," என்றாள் இஸ்திரி மெதுவாக.

"நீ சொன்னப்ப நல்லா இருந்துச்சு," என்றாள் மேஸ்திரி.

அவள் மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. இருந்தாலும் எனக்குச் சுருக்கென்றது. பாட்டைத் தள்ளிவிட்டு அடுத்ததைப் போட்டேன். ஒரு பாடகர் பாட வருவார். கனைப்பார், தண்ணீர் கேட்பார், சுருதி சரியில்லை என்பார், தன் குருவின் பெருமையைச் சொல்வார், மறுபடி கனைப்பார். கடைசியில் அறிவிப்பாளர், "நேரம் முடிந்துவிட்டது, மிக்க நன்றி," என்பார். கைத்தட்டல் வரும். அந்தக் கைத்தட்டலுக்கு முன்னால் ஒரு வரி வரும், அதற்குத்தான் வயிறு வலிக்கச் சிரிப்போம். இதிலும் அந்த வரி வரவில்லை. கொஞ்சம் மௌனம், உடனே கைத்தட்டல்.

அந்த மௌனத்தில் ஜன்னலோரத்திலிருந்து, "சரிதான்," என்று கேட்டது.

"ஆமாங்க, ஆமாங்க," என்றாள் மேஸ்திரி.

பொத்தான் கையிலிருந்த தலையணை உறையைக் கீழே வைத்தாள். "இரு. அதைத் திரும்பப் போடு."

"எதுக்கு?"

"போடேன்."

போட்டேன். கனைப்பு, தண்ணீர், சுருதி, குரு, கனைப்பு. "மிக்க நன்றி." பொத்தான் ஸ்பீக்கரைக் கவனிக்கவில்லை, அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா மூச்சை இழுத்தாள். "சரிதான்." கைத்தட்டல்.

"உங்கக்கா இடம் பார்த்துப் பேசுறாங்கடி," என்றாள் பொத்தான். "சோப்பு வர வேண்டிய இடத்துலயும் சொன்னாங்க. நான் கேட்டேன். முந்தியும் இல்ல, பிந்தியும் இல்ல. எனக்கே அவ்வளவு கச்சிதமா வராது."

எனக்கு மனதுக்குள் கேட்டுவிட்டது. சோப்பு வரியின் குரல். அது எந்தக் குடித்தனக்காரன் பெண்டாட்டியின் குரலும் இல்லை. அதற்குப் பின்னாலேயே வரும் "உஷ்" என்ற சத்தமும் கேட்டது. அது அப்பா.

"ஐயோ, அது இவ சொன்னது," என்றேன். "சந்தையில வரவே இல்ல. இவதான் சொன்னா."

அவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. அப்பாவிடம் ரேடியோ தனி, டேப் ரெக்கார்டர் தனி. இரண்டையும் இணைக்கும் ஒயர் எங்களிடம் இல்லை. ஆகவே ரேடியோவுக்கு எதிரே இரண்டு தலையணை போட்டு அதன் மேல் டேப் ரெக்கார்டரை உட்கார வைப்பார். ஜன்னலைச் சாத்துவார். சொட்டும் குழாயில் துணி கட்டுவார். அம்மா கரண்டி எடுக்கக் கூடாது. எனக்குத் தும்மல் வந்தால் தெருவுக்கு ஓட வேண்டும். மூச்சு விடுவதற்குக்கூட அப்பா முகத்தைப் பார்க்க வேண்டும். எல்லாரும் அடங்கிவிடுவோம். அக்காவுக்கு மட்டும் வாய் அடங்காது. நாடகக்காரன் ஒரு இடைவெளி விட்டால் அவளுக்கு அது தனக்கென்று விட்டதாகவே தோன்றும். பதிவானதையே திரும்பத் திரும்பக் கேட்டதில் அவள் வரிகளும் சந்தையோடு ஒட்டிக்கொண்டன. ஒட்டு எங்கே என்று எனக்கே தெரியாமல் போய்விட்டது. இத்தனை வருஷமும் சலவைக்கூடத்தில் நான் சொல்லிச் சிரிக்கவைத்ததில் பாதி என் அக்காவின் சரக்கு.

பொத்தான் சிரித்தாள். இஸ்திரி, "அப்படியா," என்று அக்காவைப் பார்த்தாள். மேஸ்திரி மட்டும் மடித்த துணியை மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நீ ஆசையில சொல்றே, மடிப்பு," என்றாள். இந்த முறை குரலைத் தணிக்கவில்லை. "அது சும்மா வர்ற வார்த்தை. எங்கம்மா கடைசியில 'கதவு, கதவு'ன்னே சொல்லிட்டிருந்தா. நான் திறந்து பார்த்தேன், மூடிப் பார்த்தேன். என்னென்னவோ அர்த்தம் கண்டுபிடிச்சேன். அதுல ஒண்ணுமே இல்ல. சும்மா மனசைப் போட்டு உடைச்சுக்காதே."

அவள் ஏன் இந்த வீட்டுக்கு வரத் தயங்குகிறாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எனக்கும் அந்தப் பயம் உண்டு. டாக்டர் சொன்னதை நம்பினேன் என்றுதான் நினைத்திருந்தேன். நம்பியிருந்தால் சர்க்கரை போடலாமா என்று என்னைக் கேட்டபோது, அவளையே கேளேன் என்று சொல்லியிருப்பேன்.

"கேசட்டு பரண்ல இருக்கு," என்றேன். "ரெக்கார்டர்தான் சுத்த மாட்டேங்குது."

"எங்க வீட்டுக்காரர்கிட்ட கொடு," என்றாள் இஸ்திரி. "உள்ள ரப்பர் பெல்ட் உருகியிருக்கும். மிக்ஸி, ஃபேன்னு அவர் கை வைக்காதது ஒண்ணு இல்ல. பேசாம உட்கார்ந்திருந்தாத்தான் அவருக்கு உடம்புக்கு ஆகாது."

மேஸ்திரி செருப்பை மாட்டிக்கொண்டே, "சரி, இன்னொரு வாரம்," என்றாள்.

புதன்கிழமையோ வியாழக்கிழமையோ, அக்காவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, ரெக்கார்டர் ஞாயித்துக்கிழமை வந்துடும்."

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் குரலை அவங்களுக்குப் போட்டுக் காட்டட்டுமா?"

சீப்பு ஓடிக்கொண்டிருந்தது. கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. பேச்சு போனவளுக்கு அவள் பேச்சைப் போட்டுக் காட்டுவது என்றால் என்ன? காலிழந்தவனுக்கு முன்னால் அவன் பழைய செருப்பை வைப்பது மாதிரி ஆகிவிடாதா?

"வேணாம்னா விட்டுடலாம். எனக்கு ஒண்ணும் இல்ல. நாம ரெண்டு பேரும் கேட்டுக்கலாம், இல்லாட்டி அதுவும் வேணாம்."

"சரிதான்," என்றாள்.

எந்தச் சரிதான் என்று தெரியவில்லை. முன்னால் வந்து முகத்தைப் பார்த்தேன். அவள் இடது கையால் என் கையிலிருந்த சீப்பை வாங்கி, முன் நெற்றியில் நான் சரியாக வாராமல் விட்ட முடியை வாரிக்கொண்டாள். முன்பெல்லாம் விருந்தாளி வந்தால் அப்படித்தான் வாரிக்கொள்வாள். அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். முழு மனதோடு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை இஸ்திரி டேப் ரெக்கார்டரைக் கைக்குழந்தை மாதிரி துண்டில் சுற்றி எடுத்து வந்தாள். பெல்ட் மட்டும் புதிது. மேஸ்திரி கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள், சீக்கிரம் கிளம்புகிறவள் போல. டீயைக் கொடுத்துவிட்டு, அக்காவின் டம்ளரை அவள் பக்கத்து ஸ்டூலில் வைத்தேன். கேசட்டைப் போட்டேன். பொத்தான்தான் விசையை அழுத்தினாள்.

முதலில் வெறும் இரைச்சல், மாவு சலிப்பது போல. யாரோ இருமினார்கள். நாற்காலி நகர்ந்தது. பிறகு சற்று இழுத்தாற்போல மணியோசை, சலசலப்பு. "வாங்க, வாங்க, கடை திறந்தாச்சு."

"இது வெளுக்காத துணி," என்றாள் இஸ்திரி.

"கேளு," என்றாள் பொத்தான்.

கூரை ஒழுகியது. தண்ணீர் வரி வந்தது. "குழாயில வந்தா என்ன, கூரையில வந்தா என்ன?"

"அப்ப சோப்பையும் கூரையிலேர்ந்தே போடச் சொல்லுங்க."

இளம் குரல். கொஞ்சம் மூக்கால் பேசுகிற, சிரிப்பை உள்ளே வைத்துக்கொண்டு கடைசி எழுத்தில் மட்டும் விடுகிற குரல். அந்தக் குரலை நான் கேட்டு எத்தனையோ காலமாயிற்று. அதன் பின்னாலேயே, "உஷ்."

பொத்தான் பிஸ்கட்டைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். இஸ்திரி, "அது யாரு, பாம்பு புகுந்த மாதிரி?" என்றாள்.

"எங்கப்பா."

மேஸ்திரியும் சிரித்தாள். ஆனால் மூன்று பேரும் டேப் ரெக்கார்டரைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். அந்தப் பெண் அதற்குள்ளே இருக்கிறாள் என்பது போல. அக்கா குனிந்து தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாடகர் வந்தார். கனைத்தார். தண்ணீர் கேட்டார். "நேரம் முடிந்துவிட்டது, மிக்க நன்றி."

"நல்ல வேளை, பாட்டு தப்பிச்சுது."

"உஷ். பதிவாகுதுடி."

"பதிவாகட்டுமே, அவர் பாடாததுதான் பதிவாகுது."

அறை அதிர்ந்தது. மேஸ்திரியின் சிரிப்பு வெளியே வந்தால் அப்படித்தான். அக்காவின் கண்ணில் நீர் கோத்திருந்தது. தப்புச் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். அவளை வைத்துக்கொண்டு அவள் பறிகொடுத்ததைப் போட்டுக் காட்டிக்கொண்டிருக்கிறேன். நிறுத்திவிடலாம் என்று எழுந்து கையை நீட்டினேன்.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். இடது கை, ஆனால் நல்ல பிடி. என்னைப் பார்க்கவில்லை. கேசட் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்தது நேயர் கேள்வி. டாக்டரிடம் ஒருவர், "ராத்திரியில் தூக்கமே வரமாட்டேங்குது, டாக்டர்," என்கிறார். டாக்டர் நீட்டி முழக்கிப் பேசுகிறார். கடைசியில், "அன்னிக்குப் பகல் முழுக்க என்ன செஞ்சீங்கன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க," என்கிறார்.

"தூங்கினேன், டாக்டர்."

இந்த இடம் எனக்கு ஞாபகம் இருந்தது. அன்று அப்பா உஷாராகிவிட்டார். அக்கா வாயைத் திறப்பதற்குள் விரலை நீட்டிவிட்டார். அவள் சொல்ல நினைத்ததைச் சொல்லவே இல்லை. அவர் விரலுக்கு எதிரே அவள் வாய் திறந்தது திறந்தபடி நின்றதற்கு அம்மா முந்தானைக்குள் சிரித்தாள். கேசட்டில் இருப்பது வெறும் இடைவெளி, அப்பாவின் உஷ், அதன் பிறகு அக்காவால் அடக்க முடியாத சிரிப்பு.

இடைவெளி வந்தது.

"சரிதான்," என்றாள் அக்கா.

"உஷ்," என்றார் அப்பா.

பொத்தான் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இஸ்திரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அக்காவின் முகத்தில் முதலில் இடது பக்கம் மட்டும் கோணியது. பிறகு தோள் குலுங்கியது. பிறகு சத்தம் வந்தது. சிரிப்புக்கு வார்த்தை தேவையில்லை போலும், அது எங்கும் போகாமல் அப்படியே இருந்தது, மூக்கால் தொடங்கிக் கடைசியில் அவிழ்கிற அதே சிரிப்பு. கேசட்டிலிருந்தும் அது வந்துகொண்டிருந்தது, நாற்காலியிலிருந்தும் வந்துகொண்டிருந்தது.

"இன்னும் அதட்டுறார் பாரு," என்றாள் பொத்தான் மூச்சு வாங்கிக்கொண்டே. "அக்கா, உங்கப்பாகிட்டேர்ந்து உங்களுக்கு விடுதலையே இல்லையா?"

அக்கா என் மணிக்கட்டை விட்டுவிட்டுக் கையை விரித்துக் காட்டினாள். இல்லை என்று.

மேஸ்திரி எழுந்தாள். கிளம்பப்போகிறாள் என்று நினைத்தேன். கதவோரத்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அக்காவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். கேசட்டில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரித்ததில் வந்த நீரா, அவள் அம்மாவுக்கா என்று நான் கேட்கவில்லை.

"அன்னிக்கு என்ன சொல்ல வந்தீங்க, அக்கா?" என்றாள். கத்தவில்லை, தணிக்கவும் இல்லை. எதிரே இருப்பவரிடம் பேசுகிற குரல். "அந்தத் தூங்குமூஞ்சியைப் பத்தி?"

அக்கா யோசித்தாள். அவள் கண் கூடத்தைச் சுற்றியது. டேப் ரெக்கார்டரில் நின்றது. உஷ் வந்த அந்த ஸ்பீக்கர் ஓட்டையை விரலால் காட்டி, பிறகு தலையைத் தோளில் சாய்த்துக் கண்ணை மூடிக் குறட்டை விட்டுக் காட்டினாள்.

"உங்கப்பாவா? உங்கப்பாவும் பகல்ல தூங்குவாரா?"

"சாப்பிட்ட கையோட," என்றேன். "அப்புறம் ராத்திரியெல்லாம் வீட்டைச் சுத்தி வருவார்."

"அதான் முந்திக்கிட்டு உஷ்ஷுன்னுட்டார்," என்றாள் பொத்தான். "தன் கதை சந்திக்கு வரப்போவுதுன்னு மனுஷனுக்குத் தெரிஞ்சிருக்கு."

"சரிதான்," என்றாள் அக்கா.

மேஸ்திரி ஸ்டூலிலிருந்த டம்ளரை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். "டீ ஆறிப்போச்சு பாருங்க. சர்க்கரை போதுமா, அக்கா?"

அக்கா ஒரு வாய் குடித்தாள். டம்ளரைத் தள்ளிப் பிடித்து உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "சரி...தான்."

"போதலையாம்," என்றாள் பொத்தான்.

மேஸ்திரி அந்த டம்ளரையே வாங்கி ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். "போதலையா? இதுல சர்க்கரையே இல்ல. மடிப்பு, நீ போடவே இல்ல."

கேசட் கவலையில் நான் மறந்தே போயிருந்தேன். பொத்தானும் இஸ்திரியும் மரியாதைக்குப் பேசாமல் குடித்திருக்கிறார்கள், மேஸ்திரி தன் டம்ளரைத் தொடவே இல்லை. மேஸ்திரி டம்ளர்களையெல்லாம் தட்டில் வைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். டப்பாக்கள் உருளும் சத்தம் கேட்டது. "சர்க்கரை எங்கே?" என்ற கேள்வி பக்கத்து வீடுவரை போயிருக்கும். இத்தனை மாதத்துக்குப் பிறகு அந்தக் குரல் என் வீட்டுச் சுவரில் முட்டித் திரும்பி வந்தது.

"மேல் தட்டுல, நீல மூடி," என்றேன்.

"அக்கா," என்று அங்கிருந்தே கத்தினாள், "அடுத்த வாரத்துலேர்ந்து டீ நான் போடுறேன். இவளை நம்பினா நமக்கு ஆகாது."

அக்கா வாயைத் திறந்தாள். பொத்தான் உதட்டில் விரலை வைத்து, "உஷ்," என்றாள்.